ஈர் எடுப்பவள்

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பூராவும் குறை சொல்கிற ஆங்கிலம்தான். ஹோல், ஸ்டெயின், ஓப்பன் சீம், ஸ்கிப் ஸ்டிட்ச், ஷேடு வேரியேஷன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணமாகி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு செக்கிங் டேபிள். இரண்டாயிரத்துக்குப் பின் ஆர்டர்கள் குவிந்து ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் அல்லாடிய வருஷங்களில், குவாலிட்டி இன்சார்ஜ் என்று சொல்லி எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

உட்கார முடியாது. அதுதான் என் வியாதி. கண் எங்காவது ஓடிக்கொண்டே இருக்கும், கால் அதன் பின்னால் போகும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் ரவிக்கைத் தோளில் ஒரு நூல் தொங்கினால் எனக்கு மேளச் சத்தம் கேட்காது. டவுன் பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலரில் தையல் விட்டிருந்தால் கை தானாகப் போகும். "வந்த எடத்துலயாவது சும்மா இரேன்" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடிப்பார். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கம்பெனியில் இந்த வியாதிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் இதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திறமைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது ஒரு மத்தியானம் ஈமெயிலில் வந்தது.

அப்போது கைக்குழந்தைகளுக்கான ரோம்பர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்து, தொடைக்கு நடுவே பிரஸ் பட்டன் வைத்த உடுப்பு. பட்டன் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு நூல் கனம் தள்ளியிருந்தது என்று ஒரு லாட்டையே நான் நிறுத்தி வைத்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த சென்னை ஆபீஸ்காரர் அதற்கு ஏற்கெனவே ஓகே சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை. இரண்டு நாள் தாமதமானது. உடனே அந்த ஆபீஸிலிருந்து எங்கள் மேனேஜருக்கு எழுதிவிட்டார்கள்: உங்கள் குவாலிட்டி லேடி ஒரு நிட்பிக்கர், கொஞ்சம் சொல்லி வையுங்கள். கம்பெனியின் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டேன்.

"ரொம்ப நுணுக்கமா பாக்கறவங்கன்னு அர்த்தமுங்க அக்கா" என்றார். சொல்லும்போது அவர் கண் கம்ப்யூட்டரை விட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்த கணக்குப் பிள்ளை குனிந்துகொண்டு சிரித்தார். பத்து வருஷம் செக்கிங்கில் நின்றவளுக்கு எது அசல், எது ஒட்டுப் போட்டது என்று தெரியாதா? ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னை ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் என் கண்ணில் பட்ட பீஸ் ஒன்றுகூடப் பாஸாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்து வரப் போனவள் பையோடு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். பிளைவுட் தடுப்பு, சுற்றினாலும் காற்று வராத ஃபேன், இருபக்கமும் கல்லூரிப் பிள்ளைகள். மடியில் கறிப் பையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். நிட் என்றால் எங்களுக்குப் பனியன் துணிதான். இது அது இல்லை, வேறு. இந்த நிட் என்பது ஈர். பேன் முட்டை. தலையில் ஈர் எடுக்கிற மாதிரி, ஒன்றுமில்லாத சின்னச் சின்னக் குறைகளைத் தேடித் தேடி எடுத்து ஆளை வாட்டுகிறவர் என்று அர்த்தம் போட்டிருந்தது. ஈருக்கான வார்த்தை ரொம்பப் பழசாம். எடுக்கிறவரையும் சேர்த்து வைவது பிறகு வந்ததாம், ஒரு ஐம்பது அறுபது வருஷத்துக்குள். யாரையும் பாராட்டுவதற்கு இதைச் சொல்வதில்லை என்றும் இருந்தது. அதை மூன்று தரம் படித்தேன்.

கோபம் வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. கூச்சமாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் தலையைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் பெஞ்சைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அதைச் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார்? நம்மிடமும்தான் ஒரு சொலவடை இருக்கிறது, ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று. ஆனால் நம் ஆட்கள் கேலி செய்தது ஊதிப் பெரிதாக்குகிறவரைத்தான். ஈர் எடுக்கிறவரை யாரும் கேலி செய்யவில்லை. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் இதை என் சேக்காளியிடம் கொட்டினேன். பதினான்காம் நம்பர் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் எல்லாரும் பவர்லூம் தறிக்காரர்கள், இவள் மட்டும் தையலுக்கு வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். எங்கள் கம்பெனி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், சாப்பிட்டு முடித்ததும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் படிவரிசை போல உட்கார்ந்து தலை பார்ப்பது வழக்கம். திருப்பூரில் தலையில் வெள்ளையாக எது தெரிந்தாலும் முதல் கேள்வி பஞ்சா, ஈரா என்பதுதான். ஊதினால் பறந்தால் பஞ்சு. முடியோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வரும் என்றால் ஈர். இந்தப் பரிசோதனையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் தலை தினமும் என் மடியில்தான்.

வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னதும் அவள் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப அந்த ஊர்ல ஈரு எடுக்கறது கெட்ட வேலைங்களா அக்கா?"

"அப்படித்தான் போல."

"பின்ன அவிய புள்ளைகளுக்கு யாருங்க எடுப்பாங்க?"

"மருந்து போட்டுருவாங்களா இருக்கும். ஆட்டாத தலைய."

"நீங்க அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க. சும்மா ஒரு வாரம் கண்ணை மூடிட்டு இருந்து பாருங்க. அப்பறம் அவியளே வந்து கெஞ்சுவாங்க" என்றாள். என் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே ஒரு ஈர் டிக்கென்று உடைந்தது.

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் வீம்பாகப் பிடித்துக்கொண்டேன். மேனேஜரும் அதற்குள் கூப்பிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்லியிருந்தார். சரி, அனுசரிக்கிறேன் என்று கிளம்பினேன். காட்டிய பீஸைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! டீ வரும்போது முதல் டம்ளர் எனக்கு வந்தது. "அக்கா இப்பத்தான் நம்ம ஊர்க்காரங்க ஆயிட்டாங்க" என்று லைன் சூப்பர்வைசர் சொன்னார். எனக்கோ உடம்பு முழுக்க அரித்தது. வீட்டில் துவைத்த துணியை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்காமல் இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று தெரிந்தது.

இங்கே ஊசி சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். குழந்தை உடுப்பு தைக்கும் கம்பெனிகளில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால், தையலை நிறுத்திவிட்டு உடைந்த துண்டு அத்தனையையும் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும். அதை ஒரு ரிஜிஸ்டரில், முழு ஊசியாகத் தெரிகிற மாதிரி சேர்த்து வைத்து, மேலே டேப் ஒட்டி, மெஷின் நம்பர் எழுதி, நான் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த மெஷினில் தைத்த பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கித் தேட வேண்டும். ஏனென்றால் துணிக்குள் மாட்டிக்கொண்ட ஊசி முனை நேரே ஒரு குழந்தையின் தோலுக்குத்தான் போகும். கையில் பிடித்துத் துணிமேல் தடவினால், உள்ளே உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. பிரஸ் பட்டன் வைக்கும் முன்னால்தான் அதற்கு மதிப்பு. பட்டன் ஏறிவிட்டால் எல்லாப் பீஸுக்கும் கத்தும்.

ஆறு மாதம் முன்பு ஒரு டெய்லர் பெண், ஊசி முனையைக் காணோம் என்று வந்து நின்றாள். நான் மொத்த லைனையும் நிறுத்தினேன். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, தரையைக் கூட்டி, அவள் முந்தானையை உதறச் சொல்லி, எப்போது உடைந்தது, உடைந்த பிறகு எத்தனை பீஸ் தைத்தாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டு மணி நேரம். அவள் அழுதாள். பீஸ் கணக்கில் சம்பளம் வாங்கும் மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். முனை கடைசியில் மெஷின் அடித்தட்டில் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு ஊசிகூடக் குறையாக வந்ததில்லை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து மெச்சினார்கள். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த வாரத்தின் வியாழக்கிழமை, பதினான்காம் நம்பரில் ஊசி உடைந்தது. சேக்காளிதான் கொண்டு வந்தாள். அடி, முனை இரண்டும் இருந்தன. டேப் ஒட்டினாள், நான் வேறெங்கோ பார்த்தபடி கையெழுத்துப் போட்டேன். அன்று அவள் தலை பார்க்க வரவில்லை, தலைவலி என்றாள். வெள்ளிக்கிழமையும் வரவில்லை. எனக்கு அதுவும் உறைக்கவில்லை. உறைக்கக்கூடாது என்பதுதானே என் வீம்பு.

சனிக்கிழமை காலையில் சரக்கு பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குத் தூத்துக்குடி லாரி. பதினொரு மணி இருக்கும். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று, திருடி மாதிரி ஊசி ரிஜிஸ்டரைத் திறந்தேன். துணியில் இழை எண்ணுகிற மடக்கு லென்ஸ் எப்போதும் என் பர்ஸில் இருக்கும். அதை வியாழக்கிழமைப் பக்கத்தில் வைத்தேன்.

ஊசியின் அடிப்பாகம் சாய்வாக உடைந்திருந்தது. முனையின் உடைப்பு நேராக இருந்தது. அடி பளபளவென்று புதுசு. முனை, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன பழசு. ஒன்றோடொன்று சேரவே சேராத இரண்டு ஊசிகள் ஒரே டேப்புக்கு அடியில் படுத்திருந்தன. கீழே என் கையெழுத்து, வால் நீட்டி அழகாக.

அப்படியானால் நிஜமான முனை எங்கே?

ஓடினேன். செருப்பு ஒன்று படியிலேயே கழன்றுவிட்டது. பேக்கிங்கில் பெட்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, நேரே பதினான்காம் நம்பருக்குப் போய் அவள் மெஷின் சுவிட்சை அணைத்தேன். ஐம்பது பேர் திரும்பிப் பார்க்க, "ஏட்டி, எங்க அந்த முனை?" என்று கத்தினேன். என் ஊர்ப் பேச்சில் அவளை நான் ஏட்டி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பச்சப்புள்ள போடுத துணிட்டி அது! ஒனக்கும் புள்ள இருக்கில்ல? ஒம் புள்ளைக்கு இப்படிப் போட்டு அனுப்புவியா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. எழுந்து நின்று, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள். பிறகு, "தேடலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மஞ்சள் நிறம், மூன்று மாதக் குழந்தை அளவு. வியாழக்கிழமை அவள் தைத்தது அந்த ஒரு ரகம்தான், ஆனால் பெட்டிகளில் கலந்து போயிருந்தது. பட்டன் ஏறியாகிவிட்டது, கருவி உதவாது. ஒவ்வொரு பாலித்தீன் பையாகப் பிரித்துக் கையால் தடவுவதுதான் வழி. செக்கிங் டேபிளில் எட்டுப் பேர் நின்றோம். தையலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அழுத்தி, அப்படியே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கழுத்து, தோள், கை, பக்கவாட்டு, தொடை. முடியை உருவுகிற அதே விரல் வேலை. மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வாசலுக்கும் டேபிளுக்கும் நடந்தார். எனக்கு ஒவ்வொரு பீஸிலும் ஒரு குழந்தையின் கால் தெரிந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு எங்கே குத்துகிறது என்று சொல்லத் தெரியாது. அழும். பசிக்கு அழுகிறது என்று தாய் நினைப்பாள்.

மூன்று மணியைத் தாண்டியபோது, "அக்கா" என்று அவள் கூப்பிட்டாள்.

இடது தொடைத் தையலுக்குள், ஓவர்லாக் நூலோடு நூலாகச் சுற்றி, நொய்யரிசி அளவுக்கு ஒரு முனை. அவளுடைய கட்டைவிரலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் தையலைப் பிரித்து, முனையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் திரும்பி வந்தது. வாயைத் திறக்கும் முன் அவளே பேசினாள்.

"உங்ககிட்ட வந்து காணோம்னு சொல்லத்தானுங்க நெனச்சேன். அன்னைக்கு அந்தப் புள்ள சொன்னப்ப நீங்க என்ன பண்ணுனீங்க? எல்லார்த்தையும் நிக்க வெச்சு, முந்தானைய ஒதறச் சொல்லி, அழுக வெச்சீங்க. அதுக்கப்பறம் யாருங்க அக்கா காணோம்னு சொல்லுவாங்க?"

"அதுக்காக வேற முனைய ஒட்டுவியா? எங்க இருந்து கெடச்சுது ஒனக்கு?"

அவள் மெஷின் டிராயரிலிருந்து ஒரு சின்னப் பொட்டு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே ஏழெட்டு ஊசி முனைகள். "நாங்களே கடையில ஊசி வாங்கி வெச்சிருக்கறமுங்க. ஒடைஞ்சு முனை கெடச்சுதுன்னா உங்ககிட்ட வராமயே மாத்திக்குவோம். அந்த முனைய இதுல போட்டு வெச்சுக்குவோம், கெடைக்காத அன்னைக்கு ஒட்டறதுக்கு ஆகும்னு. எங்கிட்ட மட்டுமில்லீங்க, இங்க எல்லார்த்துகிட்டயும் டப்பா இருக்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். லைன் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன.

அவள் டப்பாவை டேபிளில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. திருப்பூரில் ஓவர்லாக் தெரிந்தவளுக்கு எந்தக் கம்பெனி வாசலிலும் வேலை தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஈரு எடுக்கறவங்க தலைய மடியில வெச்சு எடுப்பாங்க அக்கா. நீங்க எங்கள மசுரப் புடிச்சு இழுத்து வெச்சுத்தானுங்க பாத்தீங்க."

லாரி நாலரைக்குக் கிளம்பியது. அவள் அதற்குப் பிறகு வரவில்லை.

கண்ணை மூடியதால் வந்த வினை என்று நினைத்து, திங்கட்கிழமை ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். என் மனசைச் சமாதானம் செய்துகொள்ளத்தான் எடுத்தேன் என்று வையுங்கள். அந்த ஒரு வாரம் தவிர மற்ற நாளெல்லாம் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் இல்லையா? ஒவ்வொரு டேப்பின் மேலும் லென்ஸை வைத்தேன். துண்டுகள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்றுதான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். உடைப்பு உடைப்போடு சேருகிறதா என்று பார்த்ததில்லை. அப்படி ஒருத்தர் செய்வார் என்று தோன்றவேயில்லை.

அந்த வியாழக்கிழமை ஊசியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பதினொன்று சேரவில்லை. எல்லாம் அந்தப் பெண் அழுததற்குப் பிந்தைய பக்கங்கள். எல்லாம் நான் மிகக் கறாராக இருந்த நாட்கள். தரையில் விழுந்து குப்பையோடு போனவை எத்தனையோ, துணிக்குள் தங்கியவை எத்தனையோ தெரியாது. துணிகள் கடல் தாண்டி மாதங்கள் ஆகியிருந்தன.

மேனேஜரிடம் ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் வைத்தேன். பையருக்கு எழுதச் சொன்னேன். அவர் லென்ஸைக் கையில் வாங்கக்கூட இல்லை. "அதெல்லாம் எப்பவோ போய்ச் சேந்துருச்சுங்கம்மா. ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுங்களா? ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதீங்க. நானூறு பேர் சோறு திங்கற எடம்" என்றார். கெட்டவர் இல்லை அவர். பயந்தவர்.

நான் மட்டும் என்ன? அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சென்னை ஆபீஸ் ஈமெயில் விலாசத்தை எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் குறை சொல்லும் ஆங்கிலத்தில் நான்கு வரி அடித்தேன். உங்கள் நிட்பிக்கர் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து அழித்தேன். மறுபடி அடித்தேன். என் வேலை, வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் வந்து நின்றன. அனுப்பும் பட்டனை நான் அழுத்தவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

செய்ய முடிந்ததைச் செய்தேன். ஒரு காலி பிஸ்கட் டப்பாவை என் நாற்காலிமேல் வைத்து, ஒளித்து வைத்த முனைகளை இதில் போட்டுவிடுங்கள், பெயர் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரை வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது டப்பாவின் அடி ஊசி முனைகளால் மறைந்திருந்தது. முனை காணோம் என்று வருகிறவரை முதலில் அந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். தேடுவது என் வேலை, லைன் நிற்காது என்று ஏற்பாடு. இரண்டே நாளில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். தைரியமாக இருந்தாள், எனக்குத்தான் கண் கலங்கியது. ஆனால் மொட்டை மாடியில் என் மடிக்கு யாரும் தலை கொடுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சேக்காளி பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க இரண்டு முறை கிளம்பினேன். ஒரு முறை அந்த கேட் வரைக்கும் போனேன். ஷிஃப்ட் விட்டு அவள் வருவது தெரிந்ததும், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அன்று பஸ் நெரிசல். எப்படியோ எனக்கு உட்கார இடம் கிடைத்தது. நிற்க இடமில்லாமல் தள்ளாடிய ஒரு பெண், நம் பஸ்களில் எல்லாரும் செய்வது போல, ஒரு வார்த்தை கேட்காமல் தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். மூன்று நான்கு மாதம் இருக்கும். ரோட்டோரக் கடையில் குவித்துப் போட்டு விற்கும் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வாங்கிய ரோம்பர் போட்டிருந்தது. எங்கள் கம்பெனித் துணி இல்லை, தையலைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கழுத்தில் ஆரம்பித்துவிட்டன. தோள், கை, பக்கவாட்டு. குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது.

"எறங்கற எடம் வந்துருச்சுங்க. குடுங்க" என்று அந்தப் பெண் கை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றேன். "இன்னும் தொடைப் பக்கம் பாக்கல."